இடப்பக்கம் சுற்றியவள்

கரட்டுப்பாளையத்து மாரியம்மன் பண்டிகையில் பெண்கள் அடிக்கும் கும்மி, கோயில் கட்டிய நாளிலிருந்து இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். தவறு. அந்தக் கும்மிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதை உண்டாக்கியவள் என் அம்மா உண்ணாமலை. சென்ற மாதம் இறந்தாள்.

அவளுடைய வெளுத்த சேலை ஒன்று இன்னும் கொடியில் கிடக்கிறது. அதை எடுத்து மடிக்க வேண்டும். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைபவன். மேட்டூர் அணைப் படங்களில் நீர்த்தேக்கத்துக்கு நீல மை பூசுவது எங்கள் வழக்கம். அம்மா பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் அந்த நீலத்துக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஊர்தான், நல்லாந்துறை. அத்தை மகன் நாச்சிமுத்துவைக் கட்டிக்கொண்டு தெரு மாறினாள், அவ்வளவுதான்.

அணை எழும்பி முடிகிற சமயம், 1933 ஆடியில், ஊரைக் காலி செய்தார்கள். பாதிப் பேர் பவானிப் பக்கம் போனார்கள். எங்கள் வீட்டையும் சேர்த்து ஒரு சில குடும்பங்கள் புதுச்சத்திரத்துக்குத் தெற்கே கரட்டுப்பாளையத்துக்கு வந்து, மழையை நம்பும் மேட்டாங்காட்டை வாங்கிச் சோளமும் கடலையும் போட்டன. ஊர்க்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் ‘தண்ணிக்காரங்க’. கிணற்றில் வாளி விட்டால் பாறையில் தட்டும் ஊரில் அந்தப் பெயர்.

மற்றவர்கள் பழைய ஊரை நினைத்து அழுதால் அம்மாவுக்குப் பிடிக்காது.

“அங்க என்னுங்க இருந்துச்சு? கல்லு. வருசத்துக்கு ஒருக்கா வெள்ளம் வந்து மாடு கன்ன இழுத்துக்கிட்டுப் போவும். திங்கறதுக்கு ராயிக்களி. இங்கயும் ராயிக்களிதான்” என்பாள்.

வேகமாக நடப்பாள். உட்கார்ந்து பேச மாட்டாள். களையெடுக்கும்போது பக்கத்து வரிசைக்காரியையும் முடித்துக்கொடுத்துவிட்டு, “நீ பேசு, நான் புடுங்கறேன்” என்பாள். இந்த விவரங்கள் பலருக்கும் பொருந்தும். அவளுக்கு மட்டும் பொருந்துவது கும்மி.

எங்கள் பக்கத்துப் பண்டிகையை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள கம்பம் ஒன்றை நடுவார்கள். அது அம்மனுடைய புருஷன். பெண்கள் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பொங்கல் வைக்கும் நாளன்று பிற்பகலில் கூட்டம் நெருங்காதபடி கயிறு கட்டி, அதற்குள் கம்பத்தைச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். அந்தக் கும்மியில் கை தட்டாத வீட்டை ஊர் தன் வீடாக எண்ணாது. பெண் கொடுக்காது, எடுக்காது, கதிர் அறுக்க ஆள் அனுப்பாது.

கரட்டுப்பாளையத்தில் எங்கள் முதல் பண்டிகை 1934 பங்குனியில். தண்ணிக்கார வீட்டுப் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வட்டத்தில் போய் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. பாட்டு எடுக்கிறவள் பாப்பாயி, வாய்க்கு ஊரே பயப்படும் பெண்மணி. முதல் அடியைப் பாடினாள். வட்டம் வலமாக நகர்ந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் இடமாக நகர்ந்தார்கள்.

நல்லாந்துறையில் கும்மி இடப்பக்கம்தான் சுற்றும். உலகம் முழுக்க அப்படித்தான் சுற்றும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

பத்து இடத்தில் முட்டிக்கொண்டார்கள். வளையல் உடைந்தது. அம்மாவின் நெற்றி நேராகப் பாப்பாயியின் நெற்றியில் போய் இடித்தது.

“கண்ணு தெரியலயா அம்மிணி?” என்றாள் பாப்பாயி.

“தெரியுதுங்க. நீங்கதானுங்க எதுக்கால வந்தீங்க.”

“நானா எதுக்கால வந்தேன்? ஊரே இக்கட்டப் போவுது. நீ எக்கட்டப் போற?”

“எங்கூர்ல இப்படித்தானுங்க.”

“உங்கூரு ஏன் தண்ணிக்குள்ள போச்சுன்னு இப்பத்தான தெரியுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாளாம். வள்ளியாத்தாள் எனக்குச் சொன்னது. வள்ளியாத்தாள் எங்களோடு நல்லாந்துறையிலிருந்து வந்தவள், அம்மாவுக்கு அக்கா முறை.

பாப்பாயி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

“இடமாச் சுத்தறது எழவு ஊட்டுல. கொள்ளிக்கொடத்தத் தூக்கிட்டுச் சுத்தறாப்பல சாமியச் சுத்தறாளுங்களே, இது எங்க அடுக்கும்?”

சென்ற மாதம் நானும் அப்படிச் சுற்றினேன். பாப்பாயி சொன்னதில் பிழை இல்லை.

சித்திரையில் ஊரில் இரண்டு வீட்டில் அம்மை போட்டது. இடப்பக்கம் சுற்றியதால்தான் என்று பேச்சு வந்தது. பண்டிகையை முன்நின்று நடத்தும் தீர்த்தகிரி எங்கள் வீடுகளுக்கு நேரில் வந்தார். கோபப்படத் தெரியாத மனிதர். ஆனால் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

“அம்மிணிகளா, வலமாச் சுத்தறதுன்னா உள்ள வாங்க. இல்லீன்னா கயித்துக்கு வெளிய நின்னு கும்புட்டுக்குங்க. ரெண்டுல ஒண்ணு.”

வலமாகவே சுற்றிவிடுவது என்று ஆண்கள் முடிவு செய்தார்கள். வள்ளியாத்தாள் வீட்டில் வயதுக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். இந்த ஊரில் சம்பந்தம் வேண்டும். அப்பாவுக்கும் அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

“வலமாத்தான் சுத்தேன். காலு ஒடிஞ்சா போயிரும்?”

“காலு ஒடியாதுங்க மாமா.”

“அப்பறமென்ன?”

“தெரியலீங்க. என்னமோ ஒண்ணு ஒடியுது.”

அந்தப் புரட்டாசியில் நான் பிறந்தேன்.

தையில் சோளம் அடித்து முடித்த பிறகு களம் காலியாக இருந்தது. அம்மா எங்கள் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வலமாகச் சுற்றிப் பழகினாள். ஊர் சொன்னபடி செய்ய மனதார முயன்றாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிற்பாடு அவள் பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது. அது சரியல்ல. முதலில் வலமாகத்தான் ஆடிப் பார்த்தாள்.

நான் அவள் இடது இடுப்பில் இருந்தேன். நல்லாந்துறையில் கைக்குழந்தைக்காரிகளும் கும்மியடிப்பார்கள். இடது கை பிள்ளையைப் பிடித்திருக்கும். வலது கையைப் பின்னால் நீட்டுவார்கள். அடுத்து வருகிறவள் அதில் தட்டிவிட்டுப் போவாள். கரட்டுப்பாளையத்தில் அது கிடையாது. அங்கே பிள்ளை பெற்றவள், பிள்ளை நடக்கிற வரைக்கும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்பாள்.

களத்தின் நடுவில் உலக்கை ஒன்றைக் கம்பமாக நட்டிருந்தார்கள். வலமாகச் சுற்றினால் வலது தோள் உள்ளே இருக்கும். அப்படியென்றால் இடது இடுப்பிலிருந்த நான் வெளியே. என் முகம் சோளக்கட்டையைப் பார்த்திருந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பி உள்ளே பார்த்து அழுதேனாம்.

அம்மா என்னை வலது இடுப்புக்கு மாற்றினாள். நான் உள்ளே வந்துவிட்டேன், அழுகை நின்றது. ஆனால் இப்போது கை தட்டுவதற்கு இடது கைதான் மிச்சம். அதை நீட்டினாள். பின்னால் வந்த வள்ளியாத்தாள் தட்டாமல் நின்றுவிட்டாள்.

“ஏண்டி, சாமிக்கு முன்னால பீச்சாங்கையையா நீட்டுவ?”

அம்மா நின்றாள். என்னை மறுபடி இடது இடுப்புக்கு மாற்றினாள். திரும்பி இடமாக ஒரு சுற்று ஆடினாள். நான் உள்ளே. வலது கை வெளியே, சும்மா, தட்டுவதற்குத் தயாராக.

படம் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கம்பத்தைப் பார்க்க வேண்டும், தட்டுகிற கை வலது கையாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டால் வட்டம் இடப்பக்கம் மட்டுமே சுற்ற முடியும். வேறு விடை இல்லை.

அம்மா படம் போடவில்லை.

“வள்ளியக்கா, நம்மூரு கும்மி புள்ளக்காரிக்குன்னே கட்டுன கும்மி” என்றாள்.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிறு பெண்ணாக இருந்த நாள் முதல் அடித்த கும்மி. யார் கேட்டாலும் “எங்கூர்ல இப்படித்தானுங்க” என்பதற்கு மேல் அவளிடம் பதில் இருந்ததில்லை. அன்று இருந்தது. எந்தப் பெண்கள் தன்னைப் பெற்றார்கள், எதற்காக அவர்கள் இப்படித் திரும்பினார்கள் என்பது ஒரே சுற்றில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவளால் வலமாக ஆட முடியவில்லை.

நேரே பாப்பாயியின் வீட்டுக்குப் போனாள். பாப்பாயி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மருமகள் சென்னியம்மாள் வாசலில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். பாப்பாயி கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுக்கு? புள்ளைய ஊட்டுல போட்டுட்டு வா.”

“ஊட்டுல ஆரு பாக்கறதுங்க?”

“புருசன்.”

“உங்கூட்டுப் புருசன் பாத்தாருங்களா?”

சென்னியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பாப்பாயி மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள போ அம்மிணி. அடுப்புல என்னமோ தீயுது.”

அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை என்று சென்னியம்மாள் எனக்குப் பின்னாளில் சொன்னாள்.

அம்மா அங்கிருந்து தீர்த்தகிரியிடம் போனாள். அவர் மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகு மை போட்டுக்கொண்டிருந்தார். போகும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். பாப்பாயியிடம் அதைச் சொல்லவில்லையே.

“வெளிய நீங்க வலமாச் சுத்துங்க. உள்ள நாங்க புள்ளையோட இடமாச் சுத்தறோம். ரெண்டு வட்டமுங்க. கம்பம் ஒண்ணுதானுங்களே.”

தீர்த்தகிரி கையைத் துடைத்துக்கொண்டார். “போன வருசம் ஒரு வட்டத்துலயே மண்டைய ஒடச்சுக்கிட்டீங்க. இப்ப ரெண்டா?”

“சேலம் ரோட்டுல எதுக்கெதுக்கா வண்டி வரலீங்களா? அது அது பாட்டுக்குத்தானுங்க போவுது.”

அவர் தம் வண்டியைப் பார்த்தார். 

“ஒரு பாட்டு ஆடிப் பாருங்க. ஒருத்தி மேல ஒருத்தி முட்டுனா, உங்க ஊடுகளெல்லாம் ஆயுசுக்கும் கயித்துக்கு வெளியதான். அப்பறம் என்கிட்ட வரக்கூடாது.”

“வரலீங்க.”

இதை அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. மற்றக் குடும்பங்களிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வள்ளியாத்தாளின் புருஷன், “எங்க புள்ளைங்க கலியாணத்த உன்ற இடுப்புல கட்டிக்கிட்டு ஆடப் போறியா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் அவள் பழகத்தான் போனாள்.

1935 பங்குனி. பொங்கல் வைத்து முடிந்து, வெயில் சற்றுத் தணிந்த நேரம். கோயில் முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் வெளி வட்டத்தில் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். உள் வட்டத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். கைக்குழந்தை இருந்தது அம்மாவுக்கும் இன்னொருத்திக்கும்தான். வட்டம் ஓட்டைப் பல்போல் இருந்தது என்று சென்னியம்மாள் சொன்னாள். அவள் கயிற்றுக்கு வெளியே, பிள்ளைக்காரிகளோடு நின்றிருந்தாள்.

“வலது கைய வெளிய நீட்டுங்க. ஆராச்சும் தட்டுவாங்க” என்றாள் அம்மா.

“தட்டலீன்னா?” என்றாள் வள்ளியாத்தாள்.

“காத்துல தட்டுனதா இருக்கட்டும்.”

மேளம் தொடங்கியது. பாப்பாயி பாட்டு எடுத்தாள். வேண்டுமென்றே வேகமாக எடுத்தாள். வெளி வட்டம் வலமாக, உள் வட்டம் இடமாக. ஒருவரும் முட்டவில்லை. ஆனால் வெளியே இருந்தவர்கள் தங்கள் இரு கைகளைத் தாங்களே தட்டிக்கொண்டார்கள். உள்ளே நீட்டிய கைகள் நீட்டியபடியே போயின. பாப்பாயி அம்மாவைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ, “பிச்சை கேக்கறாளுங்களாட்ட இருக்குது” என்றார்கள்.

அடுத்த சுற்று. அதுவும் காற்றில்.

அம்மா எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. வலமாகச் சுற்றுகிறவளுக்கு வலது கை உள்ளே இருக்கும். இடமாகச் சுற்றுகிறவளுக்கு வலது கை வெளியே. அதாவது எதிரெதிரே கடக்கும் இருவருக்கும் வலது கையும் வலது கையும் ஒரே பக்கம். கும்மிக்குக் குனிந்து நிமிரும்போது அந்தக் கைகள் ஒரு முழ இடைவெளியில் கடக்கின்றன. இதை யாரும் திட்டமிடவில்லை. வெளி வட்டத்தில் ஒரு இளம்பெண் தாளத்தில் குனிந்தாள். எதிரே ஒரு கை வந்தது. தட்டிவிட்டாள். வள்ளியாத்தாளுடைய கை.

சத்தம் வேறாக இருந்தது. தன் கையைத் தானே தட்டுவது ஒரு சத்தம். இன்னொருத்தியின் கையில் தட்டுவது வேறு சத்தம். பக்கத்திலிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த கை வந்ததும் அவளும் தட்டினாள். அதற்கடுத்தவளும். வட்டங்கள் எதிரெதிராகப் போவதால் ஒருத்திக்கு ஒரே ஜோடி இல்லை. அடுத்த தாளத்துக்கு அடுத்த ஆள். உள்ளே இருந்த ஒவ்வொருத்தியும் வெளியே இருந்த ஒவ்வொருத்தியையும் தொட்டுக்கொண்டு போனாள். ஒரு வருஷமாகத் தண்ணீர்க்குடத்தைக்கூட மாற்றிக்கொள்ளாதவர்கள்.

மேளக்காரர் சத்தத்தைக் கேட்டுத் தாளத்தைக் கொஞ்சம் இறக்கினார். கைகள் இன்னும் நன்றாகப் பொருந்தின. அது வரையில் கேலி பேசிய கூட்டம் கயிற்றை நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

பாப்பாயி மட்டும் தட்டவில்லை. பாடினாள், தட்டவில்லை.

சென்னியம்மாள் கயிற்றைத் தூக்கினாள். பிள்ளையை இடது இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வெளி வட்டத்தில் இருவருக்கு நடுவே குனிந்து நுழைந்து, உள் வட்டத்தில் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு அடி தவறினாள். அடுத்த அடி சரியாக வந்தது. பிள்ளை கம்பத்தைப் பார்த்து வாயைத் திறந்தபடி போயிற்று.

வெளியே நின்றிருந்த மற்றப் பிள்ளைக்காரிகளுக்கு அது போதும். ஒருத்தி பின் ஒருத்தியாகக் கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தார்கள். முதல் பிள்ளைக்காரி, இரட்டைப் பிள்ளைக்காரி, நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உள் வட்டம் நிறைந்தது. நிறைந்ததும் பருத்தது. வெளி வட்டம் பின்னால் நகர இடமில்லாமல் கயிறு முதுகை அறுத்தது.

தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். பாட்டு இன்னும் முடியவில்லை, முடிந்ததும் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது ஒன்றுதான்.

“கயித்த அவுத்து உடுங்கடா. அம்மிணிகளுக்கு எடம் பத்தல.”

அவிழ்த்தார்கள். இரண்டு வட்டமும் கோயில் வாசல் வரைக்கும் விரிந்தன.

இப்போது பாப்பாயிக்கு எதிரே மருமகள் வந்தாள். சென்னியம்மாள் வலது கையை நீட்டினாள்.  பாப்பாயி பாட்டை நிறுத்தினாள். பாட்டு நின்றதும் ஆட்டமும் நின்றது. மேளம் மட்டும் கேட்டது.

“மாமியா ஊட்டு வார்த்தையத் தட்டிட்டு உள்ள வந்துட்ட” என்றாள் பாப்பாயி.

சென்னியம்மாள் கையை இறக்கவில்லை. அம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மிணிய வையாதீங்க. நான் கூப்புட்டதா இருக்கட்டும்.”

“நீ கூப்புடலீன்னு எனக்குத் தெரியும். சும்மா இரு.” பாப்பாயி பேரனைப் பார்த்தாள். பேரன் பாட்டியைப் பார்க்கவில்லை, கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “இத்தன புள்ள பெத்தேன். பெத்த வருசமெல்லாம் அந்தக் கயித்துக்கு வெளிய நின்னேன். நானும்தான் பாட்டெடுக்கறவ. இடுப்புல புள்ளையிருந்தா, உள்ள வாறியான்னு எங்கிட்டயும் ஆரும் கேக்கல.”



பாப்பாயி இரு கையையும் நீட்டினாள். “கொண்டா இங்க அவன. நீ வெளி வட்டத்துக்குப் போ. புள்ளையோட சுத்தறதுக்கு உனக்கு இன்னம் வயசிருக்குது.”

பேரனை வாங்கி இடது இடுப்பில் வைத்தாள். அவன் முகத்தைக் கம்பத்தின் பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து,

“எக்கட்டத் திரும்போணும், சொல்லு” என்றாள்.

அம்மா காட்டினாள். பாப்பாயி உள் வட்டத்தில் இடமாகச் சுற்றத் திரும்பி, வலது கையை நீட்டி, பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். வெளி வட்டத்தில் சென்னியம்மாள் முதல் ஆளாக அந்தக் கையில் ஓங்கித் தட்டினாள்.